கம்ப்யூட்டர் விளையாட்டு அல்ட்ராவில் வைத்தால் திணறுகிறதா? அறிகுறியைப் பார்த்து செட்டிங்கை இறக்குங்கள்

"ஏனுங்ணா, லேப்டாப் வாங்கி வருசங்கூட ஆகல. அல்ட்ராவுல வெச்சா திணறுது. கார்டு போயிருச்சுங்ளா?"

சோமனூர்ப் பக்கத்திலிருந்து வந்த தம்பி பையைத் திறப்பதற்கு முன்பே கேட்டது இது. கடையில் வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டு போயிருப்பது அபூர்வம். பெரும்பாலும் விளையாட்டின் படத்தர செட்டிங் எல்லாவற்றையும் ஒரே பட்டனில் உச்சப்படியான அல்ட்ராவுக்கு ஏற்றியிருப்பார்கள், அல்லது எல்லாவற்றையும் லோவுக்கு இறக்கிவிட்டு, படம் அழுக்காகியும் வேகம் வரவில்லையே என்று நொந்திருப்பார்கள். இரண்டுமே வீண். செட்டிங் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் தின்கிறது. எங்கே பற்றாக்குறை என்று பார்த்துவிட்டு அந்த இடத்தில் மட்டும் கை வைத்தால் போதும்.

முதலில் நாலு எண்ணைத் திரையில் வரவழையுங்கள்

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருள் இலவசம். கார்டு எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் வேலை செய்யும். எண்களைத் திரையில் காட்ட, கூடவே வரும் ரிவாடியூனரையும் போட்டுக்கொள்ளுங்கள். விளையாட்டு ஓடும்போது திரையின் மூலையில் நாலு விஷயம் தெரிய வேண்டும்: கிராபிக்ஸ் கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது, கார்டின் மெமரி எவ்வளவு நிறைந்திருக்கிறது, கார்டு, பிராசசர் இரண்டின் சூடு, ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒரு படத்துக்கு, எத்தனை மில்லி விநாடி ஆகிறது.

கடைசியில் சொன்னதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி விநாடி. ஒரு நிழல் செட்டிங் 2 மில்லி விநாடி கூடுதலாகத் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60-இல் ஓடுகிறவருக்கு அது 54 ஆகக் குறையும். அதே 2 மில்லி விநாடி, 120-இல் ஓடுகிறவரை 97-க்கு இழுத்துவிடும். "எனக்கு ஆறுதான் குறைஞ்சுது, உனக்கு எப்படி இருபத்துமூணு குறையும்" என்று இரண்டு பேர் சண்டை போட்டுக்கொள்வார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.

சோதிக்கும்போது ஒரே இடத்தில் நின்று சோதியுங்கள். சைபர்பங்க் 2077, ரெட் டெட் ரிடம்ப்ஷன் 2, ஃபோர்சா ஹொரைசன் 5 மாதிரியானவற்றில் உள்ளேயே வேகத்தைச் சோதிக்கும் பெஞ்ச்மார்க் இருக்கிறது. இல்லாத விளையாட்டில் ஒரு தெருமுனையைக் குறித்துவைத்து அங்கேயே போய் நில்லுங்கள்.

அறிகுறி: எங்கே போனாலும் மெதுவாகத்தான் ஓடுகிறது, கார்டு 97–99 சதவீதத்தில் நிற்கிறது

இது நேர்மையான நோய். கார்டால் முடிந்தது அவ்வளவுதான். செட்டிங்கை இறக்கினால் உடனே பலன் தெரியும். எந்த வரிசையில் இறக்குவது என்பதுதான் விஷயம்.

ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங்கைப் போட்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். அதைப் பற்றிக் கீழே தனியாக வருகிறேன். அடுத்தது வால்யூமெட்ரிக் என்ற பெயரில் வரும் மேகம், பனி, ஒளிக்கற்றை. காற்றுக்குள் ஒளி எப்படிப் பரவுகிறது என்று படி படியாகக் கணக்குப் போடுவதால் இது நிறையத் தின்னும். அல்ட்ராவிலிருந்து மீடியத்துக்கு இறக்கினால் மேகத்தின் ஓரம் கொஞ்சம் மொழுக்கென்று ஆகும். சண்டைக்கு நடுவில் மேகத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

அப்புறம் நிழல். நிழல் என்பது விளக்கு நிற்கும் இடத்திலிருந்து எடுத்த இன்னொரு படம். அந்தப் படத்தின் அளவை 2048-லிருந்து 4096 ஆக்கினால் புள்ளிகள் நான்கு மடங்காகும். கிடைப்பது, நிழலின் விளிம்பில் இருக்கும் படிக்கட்டு கொஞ்சம் சீராவது. ஒரு படி இறக்குங்கள். ஆனால் லோ வரை போகாதீர்கள். லோவில் நிழல் நடக்க நடக்க நடுங்கும், அது கண்ணை உறுத்தும்.

ஜிடிஏ 5-இல் புல்லின் தரம் என்று ஒரு செட்டிங் உண்டு. ஊருக்குள் ஓட்டும்போது அது இருப்பதே தெரியாது. மலைப்பக்கம் போனதும் ஃபிரேம் சரசரவென்று சரியும். நகரத்தில் பெஞ்ச்மார்க் பார்த்துவிட்டு "எல்லாம் நல்லா ஓடுதுங்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் மறுநாள் போன் செய்வது இதற்காகத்தான். அதே விளையாட்டில் அட்வான்ஸ்டு கிராபிக்ஸ் என்ற தனிப் பக்கம் இருக்கிறது: நீள நிழல், உயர்தர நிழல், தூரத்துக் காட்சியை நீட்டுவது. அங்கே எல்லாவற்றையும் ஆஃபில் வைத்தாலும் 100-க்கு 90 பேருக்கு வித்தியாசம் தெரியாது என்பது என் கணிப்பு.

எம்எஸ்ஏஏ என்ற விளிம்பு மழுக்கும் முறை இருந்தால் அதை நிறுத்திவிட்டு, அதே வேலையைக் குறைந்த செலவில் செய்யும் டிஏஏ-யோ, சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் அப்ஸ்கேலரோ போடுங்கள். ரெட் டெட் ரிடம்ப்ஷன் 2 மாதிரி மரமும் புல்லும் மண்டிக்கிடக்கும் விளையாட்டில் எம்எஸ்ஏஏ போட்டால் கார்டு மூச்சுவாங்கும்.

தொடக்கூடாத ஒன்று: சாய்வாகத் தெரியும் தரையைத் தெளிவாக்கும் அனிசோட்ரோபிக் ஃபில்டரிங். அதை 16-லேயே விடுங்கள். இன்றைய கார்டுக்கு அது கொசுக்கடி. குறைத்தால் தூரத்து ரோடெல்லாம் குழம்பிப்போகும். மோஷன் பிளர், ஃபிலிம் கிரெய்ன் இவற்றுக்கும் பெரிய செலவில்லை, பிடித்தால் வையுங்கள். எனக்குப் பிடிக்காது.

அறிகுறி: சும்மா நின்றால் 70 ஓடுகிறது, சட்டெனத் திரும்பினால் திக்குகிறது, சுவர்கள் முதலில் குழைந்து பிறகு தெளிகின்றன

கார்டின் மெமரி நிரம்பிவிட்டது. ஜிடிஎக்ஸ் 1650-யும், பல லேப்டாப்களில் வரும் 4 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050-யும் இதில்தான் அடிபடுகின்றன.

ஆர்டிஎக்ஸ் 4060-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தன் சொந்த மெமரியிலிருந்து விநாடிக்கு 272 ஜிபி இழுக்கும். அது நிரம்பிவிட்டால் மதர்போர்டு வழியாக ரேமிலிருந்து இழுக்க வேண்டும், அந்தப் பாதையில் விநாடிக்குச் சுமார் 16 ஜிபிதான் போகும். செங்கப்பள்ளி ஆறு வழிச்சாலையில் வந்த லாரியை இட்டேரிக்குள் திருப்பிவிட்ட மாதிரி.

இங்கே நிழலைக் குறைத்துப் பெரிய பலன் இல்லை. பொருட்களின் மேல் ஒட்டப்படும் படமான டெக்ஸ்சரை ஒரு படி இறக்குங்கள், திக்கல் நின்றுவிடும். ஆனால் மெமரி நிரம்பாதவரை டெக்ஸ்சரை இறக்காதீர்கள். இடம் இருந்தால் அது கிட்டத்தட்ட இலவசம். முகம், சட்டை, சுவர், மண் என்று கண் முதலில் பார்ப்பதெல்லாம் டெக்ஸ்சர்தான். அல்ட்ரா என்ற பெயருக்குத் தகுதியான செட்டிங் ஒன்று உண்டென்றால் இதுதான். ஆர்டிஎக்ஸ் 3060-இன் 12 ஜிபி மாடல் வைத்திருப்பவர் நிழலை மீடியத்திலும் டெக்ஸ்சரை அல்ட்ராவிலும் வைத்து ஓட்டினால், அவருடைய படம், எல்லாவற்றையும் ஹையில் வைத்தவருடைய படத்தைவிட நன்றாக இருக்கும்.

குரோமில் இருபது டேப் திறந்துவைத்திருந்தால் அதுவும் கார்டின் மெமரியில் கொஞ்சம் எடுக்கும். மூடிவிட்டு இன்னொரு முறை பாருங்கள்.

அறிகுறி: எல்லாவற்றையும் லோவில் போட்டும் எண் அசையவே இல்லை

கார்டு 50, 60 சதவீதத்தில் படுத்திருக்கும். அதற்கு வேலை கொடுக்க பிராசசரால் முடியவில்லை. கூட்டத்தின் அடர்த்தி, தூரத்துப் பொருட்கள் எவ்வளவு தூரம் வரை தெரிய வேண்டும் என்பது, இவை இரண்டும் பிராசசரைத் தின்னும். ரே டிரேசிங்கும் அங்கே கொஞ்சம் சுமை ஏற்றும். அவற்றை மட்டும் இறக்குங்கள். மற்றதெல்லாம் தாராளமாக ஏற்றலாம். கார்டுதான் சும்மா இருக்கிறதே.

ரேம் ஒற்றை ஸ்டிக்காக இருந்தால் அதே அளவில் இன்னொன்று போடுங்கள். நான் பார்த்தவரை இது பல செட்டிங்கைவிட நல்ல பலன் தருகிறது. டெஸ்க்டாப்பில் 3200 என்று ஒட்டியிருக்கும் ரேம், பயாஸில் (மெஷின் தொடங்கும்போது வரும் அடிப்படை செட்டிங் பக்கம்) ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி போடாததால் 2133-இலோ 2400-இலோ ஓடிக்கொண்டிருக்கும். அதையும் பாருங்கள்.

எண் சரியாக 60-இல் நிற்கிறது என்றால், மானிட்டர் வேகத்தைத் தாண்டவிடாத வீ-சிங்க் பூட்டியிருக்கிறது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியும் விண்டோஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தில் 60 என்றே விட்டுவைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர்.

இன்னொன்று சிரிப்பாக இருக்கும், ஆனால் நடக்கிறது. மானிட்டர் ஒயரைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருப்பார்கள். பெட்டியின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். எச்டிஎம்ஐ ஒயர், யூஎஸ்பி துளைகள் இருக்கும் மேல்பகுதியில் போயிருந்தால், பிடுங்கிக் கீழே படுக்கையாக இருக்கும் கார்டில் செருகுங்கள். இதற்கு நான் காசு வாங்குவதில்லை.

அறிகுறி: முதல் பத்து நிமிடம் பிரமாதம், அப்புறம் பாதியாக விழுகிறது

சோமனூர்த் தம்பியின் நோய் இது. ஆரம்பத்தில் 70, கால் மணி நேரத்தில் 38. பிராசசர் 97 டிகிரி. பெரும்பாலான லேப்டாப் பிராசசர்கள் 95-லிருந்து 100 டிகிரியைத் தொட்டதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிழைத்துக்கிடக்க அதற்கு வேறு வழியில்லை.

"ஃபேன் கத்துமே தம்பி, கேக்கலையா?"

"தறி ஓடுற சத்தத்துல ஒண்ணுமே கேக்காதுங்ணா."

வீட்டை ஒட்டியே தறிக்குடோன். அடிமூடியைக் கழற்றினேன். ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் வெள்ளையாக ஒன்று அடைத்திருந்தது. இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் உதிரவில்லை, நெய்த துணி மாதிரி ஒரே துண்டாக வந்தது, கட்டைவிரல் நீளத்துக்கு. காற்று போகும் வழி முழுதும் பஞ்சு. சாதாரணத் தூசி பொடியாக உதிரும். பஞ்சுத் தூசி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். சோமனூர், பல்லடம் தறிகள், திருப்பூர் பனியன் கம்பெனிகள், அவிநாசிப் பக்கத்து மில்கள் இருக்கும் இடங்களிலிருந்து வரும் மெஷின்களில் நான் செட்டிங்கைத் திறப்பதே இல்லை. முதலில் ஸ்க்ரூடிரைவர்தான்.

துடைத்து, தெர்மல் பேஸ்ட் மாற்றி ஓட்டினோம். 83 டிகிரி, 66 ஃபிரேம், அதே அல்ட்ரா. பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

நீங்களே செய்வதென்றால், மெஷினை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள். புளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுழன்றால் பேரிங் போய்விடும். கம்ப்ரசர் காற்றை நேராகக் காட்டாதீர்கள், அதில் தண்ணீர் வரும். தறிக்கு அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் புழுதியை அள்ளிக்கொண்டு வரும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமும் ஆடி முடிந்ததும் ஒரு தடவை.

சித்திரை வைகாசியில் ஈரோட்டிலும் கரூரிலும் வெளியே 40 டிகிரி அடிக்கும்போது, சுத்தமான மெஷினும் திணறத்தான் செய்யும். அப்போது ஃபிரேமை 60-இல் பூட்டுங்கள். கார்டு முழு மூச்சில் ஓடாது. இதனால் 100 வாட் மிச்சமாகிறது என்று வைத்தால், தினம் நாலு மணி நேரத்துக்கு இரண்டு மாத பில்லில் 24 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம் என்று கணக்குப் பார்க்கிற வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

லேப்டாப்பைச் சார்ஜர் இல்லாமல் ஓட்டிவிட்டு "பாதிதான் வருது" என்று சொல்பவர்களுக்கு: சார்ஜரைப் போடுங்க சாமி.

அறிகுறி: புது ஏரியாவுக்குள் நுழையும்போது ஒரே ஒரு வெட்டு, இரண்டாம் தடவை போனால் இல்லை

ஷேடர், அதாவது ஒளி, நிறத்தைக் கணக்கிடும் சின்னச் சின்ன நிரல்கள், தயாராகிறது. செட்டிங்கால் தீராது. விளையாட்டு தொடங்கும்போது ஷேடர் தயாராகும் பட்டை ஓடினால் அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். டிரைவர் புதுப்பித்த பிறகு மறுபடி வரும், பயப்பட வேண்டாம்.

அறிகுறி: ரே டிரேசிங்கைப் போட்டதும் பாதியாகிவிட்டது, போடுவதா வேண்டாமா?

2018-இல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசை வந்ததிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. என் பதிலைக் கேட்டு இரண்டு தரப்பும் திட்டும்.

முதலில் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று பாருங்கள். விளையாட்டில் ஒரு குளக்கரையில் நில்லுங்கள். எதிர்க்கரையில் மரம், தண்ணீரில் அதன் பிம்பம். ரே டிரேசிங்கை அணைத்துவிட்டு மெதுவாகக் கேமராவைத் தண்ணீரை நோக்கிக் கீழே சாயுங்கள். மரம் திரையின் மேல்விளிம்பைத் தாண்டி மறையும் அதே நொடியில், தண்ணீரிலிருக்கும் பிம்பமும் கீழ்நுனியிலிருந்து கரைந்து போகும். சாதாரண முறைக்குத் திரையில் தெரிவது மட்டும்தான் தெரியும். தெரியாததைப் பிரதிபலிக்க அதற்கு வழியில்லை. இப்போது ரே டிரேசிங்கைப் போட்டு அதேபோல் சாயுங்கள். பிம்பம் அங்கேயே நிற்கும். உக்கடம் பெரியகுளத்தில் குனிந்து பார்த்தால் நிற்குமே, அந்த மாதிரி.

இது உங்களுக்குப் பெரிதாகப் பட்டால் போடுங்கள். பெரிதாகப் படவில்லையென்றால் கூச்சப்படாமல் அணையுங்கள். பல விளையாட்டுகளில் இதற்காக மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி ஃபிரேம் வரை போகிறது.

ரே டிரேசிங்கிலும் எல்லாம் ஒன்றல்ல. நிழலுக்கு மட்டும் போடுவது பெரும்பாலும் தண்டச்செலவு, வித்தியாசம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிரதிபலிப்பு, மழையில் நனைந்த ரோடும் கண்ணாடிக் கட்டடமும் உள்ள இடங்களில் மட்டும் அழகு. ஒளி ஒரு சுவரில் பட்டுத் தெறித்து அறை முழுதும் பரவுகிறதே, அந்த மறைமுக ஒளிக்குப் போடுவதுதான் என் கணக்கில் மதிப்புள்ளது. ஒரே ஒரு ரே டிரேசிங் செட்டிங்குக்குத்தான் கார்டில் இடம் என்றால் அதை வையுங்கள். வலோரன்ட் மாதிரி போட்டி விளையாட்டு ஆடுபவர்களுக்கு இந்தப் பத்தியே தேவையில்லை. அங்கே எல்லாம் லோ, ஃபிரேம்தான் ராஜா.

சைபர்பங்க் 2077-க்கு 2023 ஏப்ரலில், ஒளி முழுவதையும் ரே டிரேசிங்கிலேயே கணக்கிடும் பாத் டிரேசிங் வந்தபோது, 4கேயில் அப்ஸ்கேலர் உதவி எதுவும் இல்லாமல் ஆர்டிஎக்ஸ் 4090 கூட 30 ஃபிரேமைத் தொடவில்லை. 3050 வைத்துக்கொண்டு அந்தப் பட்டனைத் தட்டிவிட்டு என்னிடம் வராதீர்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2025-இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ், ரே டிரேசிங் வசதி உள்ள கார்டு இல்லாமல் ஓடவே ஓடாது. அதில் அணைக்கும் பட்டன் கிடையாது. புதுக் கார்டு வாங்கப்போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: எண் 90 காட்டுகிறது, கை அசைவு மட்டும் பிந்தி வருகிறது

ஃபிரேம் ஜெனரேஷன் போட்டிருக்கிறீர்கள். நடுநடுவே படத்தை இட்டுக்கட்டித் திணிக்கிறது. அந்தப் படங்களுக்கு உங்கள் மவுஸ் அசைந்தது தெரியாது. அது இல்லாமலே 60-ஐத் தொடுகிறவர் போட்டால் வழுவழுவென்று இருக்கும். 30-ஐ 60 ஆக்க நினைத்தால் எண் மட்டும் ஏறும், வண்டி ஏறாது. அணைத்துவிட்டு மேலே சொன்ன வரிசையில் இறக்குங்கள்.

அறிகுறி: ஓடும்போது படம் கலங்குகிறது, ஆட்களுக்குப் பின்னால் வால் மாதிரி வருகிறது

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் மாதிரி அப்ஸ்கேலரைக் கீழ்ப்படியில் வைத்திருக்கிறீர்கள். 4கே மானிட்டரில் குவாலிட்டி என்றால் உள்ளே 2560-க்கு 1440-இல் வரைகிறது, போதுமான சரக்கு இருக்கிறது. 1080பி மானிட்டரில் அதே குவாலிட்டி என்றால் உள்ளே வெறும் 1280-க்கு 720. அதற்கும் கீழே பெர்ஃபார்மன்ஸ் வைத்தால் மோர்க் குழம்பில் தண்ணீர் ஊற்றிய கதைதான். 1080பி-யில் குவாலிட்டிக்குக் கீழே போகாதீர்கள். அதற்குப் பதில் நிழலை இறக்குங்கள்.

அறிகுறி: அல்ட்ராவில் மட்டும் மெஷின் சட்டென்று அணைகிறது

பவர் சப்ளையைப் பாருங்கள். கார்டு முழுச் சுமையில் ஒரு கணம் அதிகமாக இழுக்கும், மலிவான சப்ளை தாங்காது. கரன்ட் போகும்போதுதான் அணைகிறது என்றால் யூபிஎஸ். 600 விஏ என்று எழுதியிருப்பதில் பெரும்பாலும் 360 வாட்தான் வரும். தறி லைனில் வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊர்களில் சாயங்காலம் மட்டும் இது நடக்கும். அங்கே ஸ்டெபிலைசரோடுதான் பேச்சு.

அறிகுறி: எந்தக் கோளாறும் இல்லை, ஹையில் வைத்திருப்பது மட்டும் மனதை உறுத்துகிறது

இது எனக்கே இருந்த வியாதி. மருந்து ஒன்றுதான், வீட்டில் இன்னொருவர் வேண்டும். அக்கா மகளை உட்காரவைத்தேன். "கண்ணு, நான் திரும்பி நிக்கிறேன். அல்ட்ராவோ ஹையோ, உன் இஷ்டத்துக்கு மாத்து. நான் பார்த்துச் சொல்றேன்." பத்துத் தடவை. ஒவ்வொரு தடவையும் அரை நிமிடம் நடந்து, ஓடி, மூலை முடுக்கெல்லாம் பார்த்து, இது அல்ட்ரா, இது ஹை என்று அடித்துச் சொன்னேன். அவள் நோட்டில் டிக் போட்டுக்கொண்டே வந்தாள்.

"அஞ்சு சரி, அஞ்சு தப்பு மாமா."

"கடைசி மூணும் சரியாச் சொன்னேனே? நிழல் நல்லாவே மாறுச்சே."

"கடைசி மூணுக்கு நான் எதையுமே மாத்தல மாமா. மெனுவைத் தொறந்து மூடுனேன், அவ்வளவுதான்."